நிற்கிறவருக்கு எவ்வளவு சோறு

டாக்டர் கேட்டது சாதாரணக் கேள்விதான். "என்ன வேலை செய்றீங்க?" என்றார்.

என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, "நான் இன்னாங்க பெரிசா வேலை செய்றேன்? ஜவுளிக்கடையில சும்மா நின்னுகினு கீறேன்" என்றார்.

"தினம் எவ்வளவு சாப்பிடுவீங்க?"

இதற்கு அவர் வாயைத் திறப்பதற்குள், தலையோடு போர்த்தியிருந்த துப்பட்டிக்குள்ளிருந்து நான் முந்திக்கொண்டேன். "அவரு எங்கங்க சாப்புடுறாரு? ரெண்டு வாய் கொறிச்சிட்டு எழுந்து பூடுவாரு."

இரண்டும் பச்சைப் பொய். என் வீட்டுக்காரர் உட்கார்ந்தால் சோற்றுப் பானை பயப்படும். மீன் குழம்பு இருந்தால் மூன்று தடவை கேட்பார், நான்காவது தடவை கேட்காமலே தட்டை நீட்டுவார். ஆனால் எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் பதில் வரும். பிள்ளை குண்டுக் கட்டையாக இருக்கும், அதன் உம்மா, "எங்கக்கா, ஒண்ணும் துன்ன மாட்டேங்குது" என்பாள். விடிந்ததிலிருந்து நாற்று நட்டுவிட்டு வரும் மனுஷன், "சும்மா வயப் பக்கம் போய்ட்டு வரேன்" என்பான். நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாக உழைக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால் கண்ணேறு பட்டுவிடும். துலுக்கர் வீடு, இந்து வீடு என்ற பேதமெல்லாம் இதில் கிடையாது. செங்கல்பட்டு முழுக்கவே அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தது.

அந்த டாக்டர் மெட்ராஸிலிருந்து வந்து ஸ்டேஷன் பக்கம் புதிதாக வைத்தியசாலை திறந்திருந்தார். சின்ன வயது. நாங்கள் சொன்ன இரண்டையும் அப்படியே நம்பிவிட்டார்.

வந்திருந்தது சர்க்கரை வியாதி. மூத்திரத்தை நீல மருந்தில் ஊற்றி, அடுப்பில் காட்டி, அது செங்கல் நிறமாக மாறியதை எங்களுக்கே காட்டினார். நான் பிறந்த சதுரங்கப்பட்டினத்தில் என்னைப் பெற்ற அத்தாவுக்கும் இதே வியாதிதான். கடற்கரையில் ஏதோ சிப்பி குத்திய சின்னக் காயம், ஆறவே இல்லை. கடைசியில் காலை எடுத்தார்கள். காலை எடுத்த பிறகு மூன்று மாதம்கூட அவர் இருக்கவில்லை. என் வீட்டுக்காரரோ நிற்கிற வேலைக்காரர். கால் போனால் எல்லாமே போச்சு. இந்த மனுஷனை விடவே கூடாது என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே நான் முடிவு செய்துவிட்டேன்.

டாக்டர் எங்களுக்கு ஒரு விஷயம் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நம் உடம்பு ஒரு அடுப்பாம். சோறுதான் விறகு. அந்த விறகு தரும் சூட்டுக்குக் கலோரி என்று பெயராம். தூங்கும்போதும் அந்த அடுப்பு அணையாதாம். இன்ன எடையுள்ள ஆள், இன்ன வேலை செய்தால், இவ்வளவு விறகு வேண்டும் என்று கணக்குப் போட்டுவிடலாமாம். "யா அல்லா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அன்றைக்குத் திரும்பும் வழியில் ஸ்டேஷன் வாசலில் மூட்டை தூக்குகிறவர்கள், ஜட்கா ஓட்டுகிறவர்கள், பூக்காரி, எல்லாரையும் நின்று நின்று பார்த்தேன். ஒவ்வொருவர் உள்ளேயும் ஒரு அடுப்பு எரிகிறது, எல்லாரும் அதைச் சுமந்துகொண்டு சாதாரணமாக நடந்து போகிறார்கள்!

"வேலையை மூணு ரகமா பிரிக்கணும்" என்றார் டாக்டர். "குமாஸ்தா மாதிரி உட்கார்ந்த வேலை ஒண்ணு. அப்புறம் நடுத்தர வேலை. கல் உடைக்கிறது, மண் வெட்டுறது எல்லாம் கடின வேலை. நீங்க நிக்கிறீங்க, வாஸ்தவம். ஆனா சும்மாத்தானே நிக்கிறதா சொல்றீங்க? முதல் ரகத்துலயே வச்சிக்கலாம்."

"ஆமாங்க, அது போதும்" என்றார் இவர், ஏதோ கல்யாண வீட்டில் இரண்டாம் தடவை பாயசம் வேண்டாம் என்கிற மாதிரி.

அன்றிலிருந்து என் அடுப்படியில் என் ராஜ்ஜியம். நாள் முழுவதற்கும் ஒரு ஆழாக்கு அரிசி, படியில் எட்டில் ஒரு பங்கு. அதையும் கூம்பாக அளக்க மாட்டேன், விரலால் வழித்துத் தலையைத் தட்டிவிடுவேன். இரண்டு துண்டு மீன், கீரை, நீர் மோர். வெல்லத்தைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்தேன். அவர் தட்டைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், மறுபடி தட்டைப் பார்ப்பார்.

"இன்னும் ஒரு கரண்டி போட்டா இன்னாவாம்?"

"காலு போவும். போடவா?"

மோரை ஊற்றிப் பிசைய ஆரம்பித்துவிடுவார். நல்ல மனுஷன், ஒருநாள்கூட ஓட்டலில் நுழைந்து ஏமாற்றவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு அவர்மேல் மரியாதை வருகிறது.

அடுத்த தடவை டாக்டரிடம் போனபோது நீல மருந்து நீலமாகவே இருந்தது. டாக்டருக்கு ஒரே சந்தோஷம். எனக்கோ தலைகால் புரியவில்லை. ஆனால் வீட்டுக்காரர் இளைத்துக்கொண்டே வந்தார். சட்டை அவர்மேல் காயப்போட்ட மாதிரி தொங்கியது. கடையிலிருந்து வந்ததும் சோறுகூடக் கேட்காமல் சுருண்டு படுத்துவிடுவார். ஒருநாள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். "இன்னா மச்சான்?" என்றேன். "ஒண்ணுமில்ல, வெயிலு" என்றார். அன்றைக்கு மழை தூறிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில் என் அண்ணன் மகளுக்குக் காது குத்து என்று சதுரங்கப்பட்டினம் போனோம். மறுநாள் எல்லாருமாக வண்டி கட்டிக்கொண்டு மாமல்லபுரம் போய்ப் பார்த்தோம். பிறந்ததிலிருந்து பக்கத்திலேயே இருந்தும் நான் அதற்குமுன் அந்தப் பெரிய பாறையை நின்று பார்த்ததில்லை. ஆளைவிடப் பெரிய யானைகள், மானும் சிங்கமும், பறந்து வருகிற மாதிரி ஆண்களும் பெண்களும். ஒரே கல்லில்! எந்தக் கை செய்தது, எத்தனை காலம் நின்றுகொண்டே செய்தது என்று நினைக்க நினைக்க மலைப்பாக இருந்தது.

அங்கே ஒரு முனிவர் ஒற்றைக் காலில் நிற்கிறார், இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு. விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிகிறது, வயிறு உள்ளே ஒட்டிக்கிடக்கிறது. கீழே யானைப் பக்கத்தில் ஒரு பூனையும் அதேபோல் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அதற்கு மட்டும் நல்ல தொப்பை.

என் வீட்டுக்காரர் சிரித்தார். "ரெண்டு பேரும் நிக்கிறாங்க பாரு. டாக்டரு இவரையும் பூனையையும் ஒரே ரகத்துலதான் வச்சிருப்பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். கடற்காற்று அடித்து அவர் சட்டை உடம்போடு ஒட்டியது. நான் முனிவரைப் பார்த்தேன், இவரைப் பார்த்தேன். இவருடைய விலா எலும்பும் அப்படியே தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீல மருந்து நீலமாக இருக்கிறது, மனுஷன் கல்லில் இருக்கிற முனிவராக ஆகிக்கொண்டிருக்கிறாரே! சும்மா நிற்கிறவர் ஏன் இப்படி உருகணும்? இவர் அந்தக் கடையில் அப்படி என்னதான் செய்கிறார்?

எனக்குத் தெரியாது. கல்யாணமாகி அத்தனை வருஷமாகியும் நான் அவர் வேலை செய்து பார்த்ததே இல்லை. ஜவுளிக்கடை ஆட்களின் வீட்டுப் பெண்கள் அந்தக் கடைக்குள் காலெடுத்து வைக்க மாட்டார்கள். பெருநாளுக்குத் துணி முதலாளி கையால் வீட்டுக்கு வந்துவிடும். மனைவி துணி வாங்குகிறவளாக வந்து உட்கார்ந்தால் கடையாளுக்கு வெட்கம், முதலாளிக்குச் சங்கடம். கேட்டால் மட்டும் என்ன சொல்லப் போகிறார்? சும்மா நின்னுகினு கீறேன் என்பார்.

நான் போனேன். தை மாதம், கல்யாணக் கூட்டம். திருப்போரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயக் குடும்பம் கடைக்குள் நுழைந்துகொண்டிருந்தது. வெள்ளைத் துப்பட்டியை முகத்துக்கு இழுத்து மூடிக்கொண்டு அவர்களுக்குப் பின்னாலேயே நுழைந்து, ஜமுக்காளத்தின் ஓரத்தில், ஒரு தூணை ஒட்டி உட்கார்ந்தேன். அங்கே என்னைப் போலத் துப்பட்டி போட்டவர்கள் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பையன் வந்து என்ன வேண்டும் என்று கேட்டான். என் வீட்டுக்காரர் நின்ற பக்கம் காட்டி, அவர் வரட்டும் என்று சைகை செய்தேன்.

அந்தக் கடையில் வாங்குகிறவர்கள் எல்லாரும் கீழே ஜமுக்காளத்தில் உட்காருவார்கள். முதலாளி மெத்தையில் உட்காருவார். கடையாள் மட்டும் நிற்கவேண்டும். கூட்டம் இல்லாவிட்டாலும் நிற்கவேண்டும். ஆள் உள்ளே வரும்போது கடையாள் உட்கார்ந்திருந்தால் வியாபாரத்துக்கு ஆகாதாம். அவர்களுக்கென்று ஒரு முக்காலிகூட அங்கே இல்லை.

என் வீட்டுக்காரர் நின்றார். அடேயப்பா, அதற்குப் பெயர் நிற்பதா! சுவரோடு மேல்கூரை வரைக்கும் அடுக்கு. கீழ்த் தட்டில் கால்விரலை ஊன்றி எம்பி, மேலேயிருந்து பத்துப் பன்னிரண்டு புடவையை ஒரே கையில் உருவி இறக்குவார். கல்யாணப் பெண்ணின் அத்தை, "அந்த மாம்பழக் கலரு" என்பாள். புடவையின் நுனியைப் பிடித்துத் தலைக்குமேல் கையை உயர்த்தி ஒரு உதறு உதறுவார். முழுப் புடவையும் விரிந்து வந்து அந்தம்மாள் மடிக்கு முன்னால் சரியாக விழும். குனிந்து தலைப்பை எடுத்துக் காட்டுவார். நிமிர்வார். அடுத்தது. குனிவார், நிமிர்வார். "இதுல பச்சை கீதா பாய்?" பச்சை மாடியில் இருக்கும். குறுகலான மரப்படியில் ஏறி, ஒரு முழுப் புடவைக் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்குவார். அவிழ்ப்பார், உதறுவார். கூட்டம் எழுந்து போனதும் மலைபோலக் கிடப்பதையெல்லாம் நின்றபடியே, ஒரு முனையை மோவாயில் அழுத்திக்கொண்டு, கையை அகல விரித்து மடித்து, மறுபடி எம்பி மேலே செருகுவார். செருகி முடிப்பதற்குள் அடுத்த கூட்டம் வந்துவிடும். அத்தனைக்கும் நடுவில் சிரித்த முகம். "வாங்கம்மா, இன்னா கலரு பாக்கறீங்க?"

நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். இவரா? வீட்டில் ஒரு சொம்பு தண்ணிக்குக்கூட என்னைக் கூப்பிடுகிற இந்த மனுஷனா? எனக்குப் பெருமை தாங்கவில்லை, அழுகையும் தாங்கவில்லை. என் ஒரு ஆழாக்கு அரிசியை வைத்துக்கொண்டா இத்தனையும்!

நடுவில் பின்பக்கத்துத் திரைக்கு ஒதுங்கினார். திரை பாதி விலகியிருந்தது. நின்றபடியே நான் கட்டிக்கொடுத்த டப்பாவைத் திறந்தார். நாலு வாயில் முடிந்துவிட்டது. காலி டப்பாவை விரலால் வழித்து நக்கினார். பிறகு அதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். துப்பட்டியை வாயில் அடைத்துக்கொண்டேன், இல்லாவிட்டால் அங்கேயே கத்தியிருப்பேன்.

சாயங்காலம் ஆக ஆக அவர் எம்புவது குறைந்தது. ஒரு கட்டைத் தூக்கி வந்தவர் அடுக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். முகமெல்லாம் வேர்வை, உதடு வெளுத்திருந்தது. முதலாளி மெத்தையிலிருந்து, "பாய், அந்தம்மா எவ்வளவு நேரமா காத்துகினு இருக்காங்க, கவனிங்க" என்றார். அந்தம்மா நான்தான்.

அவர் வந்து என் எதிரில் நின்றார். "மன்னிச்சிக்கோங்கம்மா, இன்னா காட்டட்டும்?" தன் பெண்டாட்டியிடம்தான்! கையில் ஒரு ஊதாப் புடவையை எடுத்து உதற ஓங்கினார். கால் ஒரு பக்கமாக மடங்குகிற மாதிரி ஆடியது.

எழுந்து அவரைப் பிடித்திருந்தால் மானம் போயிருக்கும், வேலையும் போயிருக்கும். எனக்கு எங்கிருந்துதான் அந்தப் புத்தி வந்ததோ. உரக்கச் சொன்னேன், முதலாளி காதில் விழும்படி. "இன்னா பாய் நீங்க, வானத்துல நின்னுகினு காட்டறீங்க? அண்ணாந்து அண்ணாந்து என் கழுத்து பூடுச்சி. உக்காந்து காட்டுங்க!"

கடையே திரும்பிப் பார்த்தது. அவர் கை அப்படியே நின்றுவிட்டது. குரல் தெரியாமல் இருக்குமா?

"கடையில உக்காரக் கூடாதுங்கம்மா" என்றார் மெதுவாக.

"அப்ப நான் வேற கடைக்குப் போறேன்."

முதலாளி பதறிவிட்டார். "பாய், அம்மா சொல்றாங்கல்ல? உக்காந்து காட்டுங்க."

வாங்க வந்தவள் சொன்னால் அதற்கு மேல் அந்தக் கடையில் சட்டம் கிடையாது. அவர் என் எதிரில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவர் தோள் இரண்டும் கீழே இறங்கியதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. "பேசாத காட்டுங்க மச்சான்" என்று துப்பட்டிக்குள் முணுமுணுத்தேன். ஒவ்வொரு புடவையாக என் மடியில் விரித்தார். நான் ஒவ்வொன்றையும் வேண்டாம் என்றேன். கரை சின்னது, கலரு அடிக்குது, தலைப்பு மொக்கை. வாழ்க்கையில் அத்தனை பட்டு என் மடியில் விழுந்தது அன்றைக்குத்தான். அவர் மூச்சு ஒரு நிலைக்கு வருகிறவரைக்கும் நான் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. கடைசியில் ஒன்றும் வாங்காமல் எழுந்து வந்துவிட்டேன். "நல்ல கிராக்கி" என்று முதலாளி பின்னால் சலித்துக்கொண்டது காதில் விழுந்தது.

மறுநாள் காலை கடை திறப்பதற்கு முன்பே அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் அவரைப் பார்த்ததும் முகம் மாறி, எடை மேடையில் ஏற்றினார். பிறகு, "பாய், என்ன வேலை செய்றீங்கன்னு மறுபடி சொல்லுங்க" என்றார்.

"சும்மாதாங்க, கடையில…"

"நீங்க சும்மா இருங்க மச்சான், நான் சொல்றேன்."

சொன்னேன். அடுக்கு எவ்வளவு உயரம், எப்படி எம்புகிறார், மாடியிலிருந்து தூக்கி வரும் கட்டு எவ்வளவு கனம், எப்படிக் குனிந்து நிமிர்கிறார், ஒரு முக்காலிகூட இல்லாதது, எல்லாம். முன்பு அவர் எவ்வளவு சோறு சாப்பிட்டார் என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். ஒரு வேற்று ஆண்பிள்ளை முன்னால் புருஷன் உழைப்பையும் சாப்பாட்டையும் இப்படிப் பட்டியல் போட்டவள் எங்கள் வம்சத்திலேயே நான் ஒருத்திதான் இருப்பேன். கண்ணேறு பட்டால் படட்டும், பட்டினியைவிடவா அது பெரியது என்று ஒரு கோபம் எனக்கு.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டுக்கொண்டு, பிறகு சொன்னார். "அப்ப இவர் உட்கார்ந்த வேலைக்காரரே இல்ல. நடுத்தர வேலை. அதுக்குத் தகுந்த மாதிரி கூட்டிடலாம்."

"நடுத்தரமா? நீங்க ஒருநாளு வந்து நின்னு பாருங்களேன்!"

டாக்டர் சிரித்துவிட்டார். "கல் உடைக்கிறவங்களுக்குத்தான் மூணாவது ரகம்மா. அதைக் கொடுத்தா சர்க்கரை ஏறிடும். ஆனா கல்யாண மாசத்துல இன்னும் கொஞ்சம் கூட்டிக்கலாம். ஆடியில கூட்டம் இருக்காதே, அப்ப குறைச்சிக்கலாம். காலையும் காப்பாத்தணும், ஆளையும் காப்பாத்தணும்." அந்த நடுத்தரத்தை வைத்துத்தான் என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு நெடுங்காலம் இரண்டு காலோடு நடமாடினார். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது, ரகம் பத்தவில்லை என்ற கோபத்தோடுதான் வெளியே வந்தேன்.

வைத்தியசாலை வாசலில் ஒரு பெஞ்சு. என் வீட்டுக்காரர் அதில் உட்கார்ந்துவிட்டார். ஸ்டேஷனுக்குப் போகிற ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"நெசமா நான் அவ்ளோ வேலையா செய்றேன்?"

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் விளையாட்டு இல்லை.

"பின்ன? என் கண்ணால பாத்தேனே."

"சும்மா நிக்கிறேன்னு ஊருக்குச் சொல்லிகினே வந்தேனா… நானும் அப்படியேதான் நெனச்சிகினு இருந்துட்டேன். இத்தினி வருசமா முதலாளி துட்டை சும்மா வாங்குறோமேன்னு எனக்குள்ள ஒரே வெக்கம் புள்ள."

அவர் கண்ணிலிருந்து தண்ணி கொட்டியது. சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். நான் கையைப் பிடித்து இழுத்து மறுபடியும் உட்கார வைத்தேன்.